பட்டா இருக்கிறது, பிளான் வரவில்லை: பள்ளிக்கரணை பக்கத்தில் வீடு கட்டக் காத்திருக்கும் வாசகிக்கு

பெயரும் சர்வே எண்ணும் வெளியிட வேண்டாம் என்று கேட்டு ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவருக்கு அறுபது வயதாகிறது. கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2009இல் பெரும்பாக்கம் பக்கத்தில், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் 1,800 சதுர அடி மனை வாங்கினார்கள். பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்கின்றன. இத்தனை வருடம் வாடகை வீட்டிலேயே ஓட்டிவிட்டு, மகளும் மருமகனும் கைகொடுக்க, கீழ்த்தளமும் முதல் தளமுமாகக் கட்ட முடிவு செய்தார்கள். வங்கிக் கடனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் பிளான் போட்ட இன்ஜினியர், பசுமைத் தீர்ப்பாய உத்தரவைக் காரணம் காட்டி விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது என்கிறார்.

அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு யோசனை. பாதி விலைக்குக் கேட்கிறார் ஒரு தரகர். சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி வாங்கிக் கட்டிவிடலாம் என்கிறார் தம்பி மகன். அக்கம்பக்கத்து ஐந்து மனைகளையும் சேர்த்து அடுக்குமாடி கட்டலாம், பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள், அனுமதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் ஒரு பில்டர். “ஒரு கிலோமீட்டர் விதியைத்தான் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துவிட்டதாமே? எங்கள் மனையில் ஒரு பறவை உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. பறவைக்கு இருக்கிற உரிமை எங்களுக்கு இல்லையா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது கிளம்பிய இடத்தில் இரண்டு மூன்று தகவல்கள் தவறாக இருக்கின்றன. முதலில் அவற்றைச் சரிசெய்துகொள்வோம். இல்லாவிட்டால் தம்பி மகன், தரகர், பில்டர் மூவரில் யார் சொல்வதும் சரியென்றுதான் தோன்றும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். வனத்துறை வேலி போட்டுப் பாதுகாக்கும் காப்புக்காடு அதில் சுமார் 700 ஹெக்டேர்தான். மீதி வேலிக்கு வெளியே இருக்கிறது. “சதுப்பிலிருந்து 700 மீட்டர்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூரம் எங்கிருந்து அளந்தது? வேலியிலிருந்து தரகர் போனில் அளந்ததாக இருந்தால், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ராம்சார் எல்லை வேறு, வேலி வேறு. உங்கள் மனை எல்லைக்கு வெளியே ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கலாம், அதையும் தாண்டியிருக்கலாம், எல்லைக்குள்ளேயே விழவும் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் சட்ட நிலை வேறு. எல்லைக்குள் என்றால் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நேரடியாகப் பொருந்தும். ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அந்த விதிகளின் 4ஆவது விதி தடை விதிக்கிறது. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது என்றும் சொல்கிறது. எல்லைக்கு வெளியே என்றால் இப்போதைக்கு உங்களைக் கட்டிப்போட்டிருப்பது தீர்ப்பாய உத்தரவுதான்.

எந்த ஒரு கிலோமீட்டர்?

உங்களிடம் சொன்னவர் இரண்டு வழக்குகளைக் குழப்பிக்கொண்டார். காடுகள் தொடர்பான கோதவர்மன் வழக்கில், தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் சொன்னது. 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தியது. பள்ளிக்கரணை தேசியப் பூங்காவும் இல்லை, சரணாலயமும் இல்லை. அந்தத் தளர்வுக்கும் உங்கள் மனைக்கும் சம்பந்தமில்லை.

உங்களைத் தொடுவது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் இட்ட உத்தரவு. அறிவியல் ஆய்வு முடிந்து சதுப்பின் தாக்க மண்டலம் எது என்று வரையறுக்கும்வரை, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) உள்ளிட்ட அமைப்புகள் கட்டட அனுமதி தரக்கூடாது என்பது அதன் சாரம். இது நிரந்தரத் தடை இல்லை. ஆய்வு முடியும்வரை போட்டுவைத்த ஏற்பாடு. இப்படிப்பட்ட இடைக்கால உத்தரவுகள் விசாரணைக்கு விசாரணை திருத்தப்படலாம். ஆகவே வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல், தேதி போட்ட கடைசி உத்தரவின் நகலைத் தீர்ப்பாய இணையதளத்திலிருந்து எடுத்துப் படியுங்கள்.

தாக்க மண்டலத்துக்கு அந்த 2017 விதிகளிலேயே விளக்கம் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்தப் பகுதியில் நடக்கும் மாற்றம் ஈரநிலத்தின் இயல்பைக் கெடுக்குமோ, அந்தப் பகுதி. காம்பஸை ஊன்றி வட்டம் போட்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு கிலோமீட்டர் என்பது கரடுமுரடான கோடுதான். சில இடங்களில் அது தேவைக்கு அதிகம். நீர்வழி ஓடும் சில இடங்களில் போதவே போதாது. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் ஏரிகளின் உபரி நீர் எங்கெங்கோ சுற்றி இந்தச் சதுப்புக்குத்தான் வருகிறது. பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. உங்கள் வாதத்தை நீங்கள் கட்ட வேண்டிய இடமும் இதுதான். கடைசியில் சொல்கிறேன்.

“பட்டா இருக்கிறதே?”

இருக்கிறது, நல்லது. ஆனால் பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. உரிமையைக் காட்டுவது கிரையப் பத்திரமும் மூலப் பத்திரங்களும். அவையும் சரியாக இருந்தால் நிலம் உங்களுடையது என்பதில் யாரும் கை வைக்க முடியாது. நிலம் உங்களுடையது என்பது ஒன்று, அதில் என்ன கட்டலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த 2019 கட்டட விதிகளும் சுற்றுச்சூழல் சட்டங்களும் முடிவு செய்கின்றன.

அரசு நஷ்ட ஈடு தருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிலத்தை எடுத்துக்கொண்டால் தர வேண்டும். அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு உங்கள் பக்கம். ஆனால் சுற்றுச்சூழல் காரணத்துக்காகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதை நீதிமன்றங்கள் பொதுவாக நிலத்தை எடுத்ததாகக் கருதுவதில்லை. அதுவும் இடைக்காலத் தடைக்கு இழப்பீடு கேட்டுப் போனால் வக்கீல் செலவுதான் மிச்சம். நாளைக்கு ஆய்வு முடிந்து, உங்கள் மனையில் எந்தக் காலத்திலும் எதுவும் கட்டக்கூடாது என்று இறுதியாகச் சொன்னால் கதை வேறு. அப்போது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வலுவான காரணம் இருக்கும்.

பறவை உட்காராத மனை

இந்த வரியை நீங்கள் மனதில் பட்டதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நிறைய பேர் நினைப்பதும் இதுதான். வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவைகள் கூடு கட்டுவது ஏரிக்குள் இருக்கும் மரங்களில். இரை தேடுவது சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். ஏரிக்கு மட்டும் வேலி போட்டால் அங்கே கூடு இருக்கும், சாப்பாடு இருக்காது.

பள்ளிக்கரணையில் பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. ரேடியல் ரோடு பக்கம் நின்று பார்த்தால் தெரியும், நெடுங்கால் உள்ளான் தன் சிவப்புக் கால் மூழ்காத ஆழத்தில்தான் நடந்து இரை பொறுக்கும். தாழைக்கோழிக்குக் கோரையும் சம்பும் வேண்டும். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை வேண்டும். வலசை வரும் ஊசிவால் வாத்துக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். ஒரே சதுப்பில் இத்தனை ஆழங்கள் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் இத்தனை வகைப் பறவைகள் வருகின்றன. சுற்றிலும் மனைகளை நாலடி ஐந்தடி உயர்த்தினால் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சதுப்பின் மட்டம் திடீரென்று ஏறும். உள்ளானுக்கு நிற்க இடம் இருக்காது. கோடையில் கழிவுநீர் வந்து சேரும், ஆகாயத்தாமரை மூடும், வாத்துக்குத் திறந்த நீர் இருக்காது. உங்கள் மனையில் ஒரு பறவையும் உட்கார வேண்டாம். உங்கள் மனையிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதன் இடத்தை மாற்றிவிடும்.

இது ஏதோ நாலு கொக்குக்கான வழக்கும் இல்லை. ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்துவிட்டு நம் பக்கம் குளிர்காலம் கழிக்க வரும் வளைந்த மூக்குள்ள சிறு உள்ளான் ஒன்று உண்டு. எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்ததால் 2024இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அதை அழியும் ஆபத்துள்ள வகைக்கு மாற்றினார்கள். வேறு சில கரையோரப் பறவைகளும் அதே ஆண்டு அப்படி மாற்றப்பட்டன. இவை வழியில் இறங்கும் ஈரநிலங்கள் சுருங்கிக்கொண்டே வருவது சரிவுக்கு ஒரு பெரிய காரணம்.

பறவையை விடுங்கள், உங்களையே எடுத்துக்கொள்வோம். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சதுப்பு வாங்கிக்கொள்ள முடியாத தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. பறவையும் நீங்களும் எதிரெதிர்க் கட்சி என்று எடுத்துக்கொண்டால் இந்த வழக்கு புரியாது. அந்த ஆய்வு சரியாக நடப்பதில் உங்கள் கீழ்த்தளத்துக்கும் லாபம் இருக்கிறது.

சரி, உங்கள் முன்னால் இருக்கும் மூன்று வழிகளுக்கு வருவோம்.

சுயசான்று வழி

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட உடனடியாக அனுமதி கிடைக்கும். அளவைப் பார்த்தால் உங்கள் மனை பொருந்துகிறது. தம்பி மகன் சொல்வது அந்த அளவில் உண்மை. ஆனால் அந்தத் திட்டத்தில் அதிகாரி சரிபார்க்க வேண்டியதை நீங்களே உறுதி செய்து கையெழுத்துப் போடுகிறீர்கள். தடை இருப்பது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் ஒருமுறை திரும்பிய பதிவும் இருக்கிறது. அதன் பிறகு தடை எதுவும் இல்லை என்று உறுதி கொடுத்தால் அது தெரிந்தே செய்த பொய். அனுமதி ரத்தாகும். கட்டியது அனுமதியில்லாத கட்டடமாகிவிடும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் இடிக்கவும் அதிகாரம் இருக்கிறது.

“கட்டிவிட்டால் பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்” என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். அனுமதியில்லாத கட்டடத்தை, பல வருடம் குடியிருந்தோம், பணம் போட்டோம் என்ற காரணத்துக்காக வரன்முறை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கறாராகச் சொல்லிவிட்டது. கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும் அந்தத் தீர்ப்பில் கட்டளைகள் உண்டு. பிளான் இல்லாமல் வங்கி பணத்தை விடுவித்தால் மாதத் தவணை மகள், மருமகன் தலையில் ஓடும், வீடு நிற்குமா என்பது தெரியாது. கடன் ஒப்புதலோடு நிற்கட்டும். ஒப்புதல் கடிதம் காலாவதியானால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். அதற்கு ஆகும் கட்டணம் சிறிய இழப்பு.

பில்டரின் பவர் பத்திரம்

மூன்றில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். ஒற்றை வீட்டுக்கே அனுமதி நிற்கும் இடத்தில் ஐந்து மனை அடுக்குமாடிக்கு எப்படி வாங்குவார் என்று அவரிடம் கேட்டீர்களா? வாங்க மாட்டார். பவர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புக்கிங் என்ற பெயரில் நாலு பேரிடம் முன்பணம் வாங்குவார் என்பதுதான் நடக்கக்கூடியது.

அங்கேதான் சட்டம் உங்களைப் பிடிக்கும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், நிலத்தை மேம்படுத்துபவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர் என்றால் இருவருமே புரமோட்டர்தான். சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். கட்டடப் பங்கை வாங்கிக்கொண்டு நிலம் கொடுப்பவரும் இந்த வலையில் விழுகிறார். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக்கூடாது. ஐந்து மனை சேர்ந்தால் 500 சதுர மீட்டரைத் தாண்டிவிடும். குறித்த தேதியில் வீடு கொடுக்காவிட்டால் வாங்கியவர் 18ஆம் பிரிவில் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அந்த நோட்டீஸ் உங்கள் பெயருக்கும் வரும். அறுபது வயதில், வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முகம் தெரியாத நாலு குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமா?

பாதி விலைக்கு விற்பது

சட்டப்படி தவறில்லை. மனையை விற்க உங்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஒன்று மட்டும்: தடை உத்தரவை வாங்குபவரிடம் மறைக்கக்கூடாது. சொத்தில் இருக்கும் முக்கியக் குறையைச் சொல்ல வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. மற்றபடி, தரகர் எதற்காகப் பாதி விலைக்குக் கேட்கிறார் என்று யோசியுங்கள். தடை தளரும் என்று அவர் நினைக்கிறார், அவ்வளவுதான். அவர் நினைப்பது தப்பாகவும் போகலாம். மருத்துவச் செலவு மாதிரி அவசரம் எதுவும் இல்லையென்றால், மனை ராம்சார் எல்லைக்குள் விழுகிறதா இல்லையா என்று தெரிவதற்கு முன் விற்காதீர்கள். எல்லைக்குள் என்று தெரிந்தால், கிடைத்த விலைக்குக் கொடுப்பதைப் பற்றி அப்போது பேசலாம்.

இப்போது என்ன செய்வது

விண்ணப்பம் “திரும்பி வந்துவிட்டது” என்று இன்ஜினியர் வாய்மொழியாகச் சொன்னதோடு விடாதீர்கள். காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். திருப்பி அனுப்புவது வேறு, நிராகரிப்பது வேறு. நிராகரித்தால்தான் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. அதற்குக் கால வரம்பும் உண்டு.

அப்புறம், கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் அ-பதிவேட்டு நகல், புலப்பட வரைபடம் இரண்டும் வாங்குங்கள். அ-பதிவேட்டில் பழைய வகைப்பாடு என்ன என்று பாருங்கள். புஞ்சை என்றிருந்தால் நிம்மதி. ஏரி, ஓடை, கழுவேலி (சதுப்பு) புறம்போக்கு என்று எதாவது எட்டிப் பார்த்தால் பிளான் கதையை நிறுத்திவிட்டு முதலில் ஒரு வக்கீலிடம் மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள். மனைப்பிரிவு அங்கீகார எண்ணையும் சிஎம்டிஏவில் சரிபாருங்கள். விற்றவர் காட்டிய வரைபடமும் அலுவலகத்தில் இருக்கும் வரைபடமும் ஒன்றாக இல்லாத மனைப்பிரிவுகள் அந்தப் பக்கம் உண்டு.

மாநில ஈரநில ஆணையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். “என் சர்வே எண் ராம்சார் எல்லைக்குள் வருகிறதா? வரையறுக்கப்பட்ட எல்லை வரைபடத்தின் நகல் தருக” என்ற இரண்டே வரி போதும். ஏன், எதற்கு, நியாயமா என்றெல்லாம் கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேட்டால் ஆவணம் வரும், நியாயம் கேட்டால் “தகவல் இல்லை” என்றுதான் பதில் வரும்.

எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தால், உங்கள் மனைப்பிரிவில் இருக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து தீர்ப்பாயத்தில் தங்களையும் சேர்க்கச் சொல்லி மனு போடலாம். தடையை ரத்து செய்யுங்கள் என்று அதில் கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் பெரிய கட்டுமான நிறுவனங்களின் வரிசையில் உங்களையும் நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பழைய மனைப்பிரிவு, தனி வீடு, இரண்டு தளம் என்று சொல்லுங்கள். தரைமட்டத்தைத் தெரு மட்டத்துக்கு மேல் உயர்த்த மாட்டோம், கீழே தூண் விட்டுக் கட்டுவோம், பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் குடிபோக மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். தனி வீட்டுக்கும் இருபது மாடிக்கும் ஒரே அளவுகோல் வைக்காமல், நீரோட்டத்தைப் பார்த்துத் தரம் பிரித்து விதியுங்கள் என்று கேளுங்கள். ஆய்வு செய்பவர்களுக்கும் அந்த நிபந்தனைகள் உதவும். மனுவோடு பட்டாவை இணையுங்கள். அதைவிட முக்கியமாக, லைசென்ஸ் பெற்ற சர்வேயரை வைத்து உங்கள் தெருவின் மட்டம் எவ்வளவு, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஒரு வரைபடம் போட்டு இணையுங்கள். செலவைக் குடும்பங்கள் பிரித்துக்கொள்ளலாம். வக்கீல் கட்டணத்தை நேரடியாக வக்கீலிடம் ரசீதோடு கொடுங்கள். “நான் வாங்கித் தருகிறேன், தலைக்கு இவ்வளவு” என்று வசூலுக்கு வருபவரிடம் கொடுக்காதீர்கள்.